எல்.இ.டி. பல்புக்கு மாறிப் பல வருடம்: வாட்டை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டியவை

மதுரையில் எங்கள் வீடு 1990களில் கட்டியது. ஹாலில் டியூப் லைட், அறைகளில் 60 வாட் குண்டு பல்பு. பிற்பாடு ஃபால்ஸ் சீலிங் போட்டபோது நான்கு 50 வாட் ஹாலோஜன் ஃபோகஸ் லைட்டுகளும் சேர்ந்தன. எல்.இ.டி. விலை இறங்கியதும் ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினோம். 2014 தொடக்கத்தில் பொதுத்துறை நிறுவனமான ஈ.இ.எஸ்.எல். ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. 2016இல் அதுவே 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. கடைகளிலும் விலை மளமளவென்று இறங்கிய காலம் அது.

கரண்ட் பில் குறைந்ததா என்றால், குறைந்தது. 60 வாட் குண்டு பல்பு தினம் 6 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 21 யூனிட்டுக்கு மேல் ஆகும். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி.க்கு 3 யூனிட் சொச்சம்தான். நான்கு ஹாலோஜன்களும் தினம் 4 மணி நேரம் எரிந்தால் 48 யூனிட். 5 வாட் எல்.இ.டி. போட்டதும் அது 5 யூனிட்டுக்குள் அடங்கியது. நம் மின் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மொத்தக் கணக்கே வேறு அட்டவணைக்குப் போய்விடும். கோடையில் ஏசி ஓடும் வீட்டில் இந்த அறுபது யூனிட்டுக்கு மேலான மிச்சம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க உதவுகிறது. ஹாலோஜன் கக்கும் சூடு போனதால் அதன் கீழே உட்கார்ந்து பேசவும் முடிகிறது.

ஆனால் வெளிச்சத்தின் நிறம்தான் பெரிய விஷயம். அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கடையில் போய் எல்.இ.டி. பல்பு என்று கேட்டால், எடுத்துக் கொடுப்பது 6500 கெல்வின் வெள்ளைதான். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு; எண் குறைந்தால் மஞ்சள் தட்டும், கூடினால் நீலம் தட்டும். 6500 நீலம் தட்டிய வெள்ளை. சாப்பாட்டு மேசைக்கு மேலே அதை மாட்டிய அன்றே அம்மா, “என்னப்பா, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு” என்றார். குழம்பு வெளிறித் தெரிந்தது. அரக்குப் பட்டுப்புடவை பழுப்பாகத் தெரிந்தது. குண்டு பல்பின் வெளிச்சம் 2700 கெல்வின் அளவில் இருக்கும். அதற்குப் பழகிய கண் சும்மா விடுமா? இப்போது ஹாலிலும் படுக்கையறையிலும் 3000, சமையலறையிலும் பிள்ளைகள் படிக்கும் மேசையிலும் 4000. 6500 மாடிப்படியில் மட்டும்தான்.

கெல்வினோடு சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பாருங்கள். பொருள்களின் நிறத்தை அந்த வெளிச்சம் எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது. குண்டு பல்புக்கும் ஹாலோஜனுக்கும் அது ஏறக்குறைய 100. சாதாரண எல்.இ.டி.க்கு 80 அளவில்தான் இருக்கும்; அதிலும் அடர்சிவப்புதான் முதலில் அடிபடும். 90க்கு மேல் உள்ளது விலை கூடுதல், கிடைப்பதும் குறைவு. வீடு முழுக்கத் தேவையில்லை. கண்ணாடி முன்னால், துணி பீரோ இருக்கும் அறையில், அடுப்பு மேடைக்கு மேல் போட்டால் போதும். இதற்குச் செலவழித்த பணத்தை நான் ஒருநாளும் வீண் என்று நினைத்ததில்லை.

ஹாலோஜனை மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. சீலிங்குக்குள் இருப்பது 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். அந்த வகையில் பலவும் குறைந்தது 20 வாட்டாவது இழுத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 5 வாட் எல்.இ.டி.யை அதில் செருகியதும் மினுமினுக்க ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியன் பழைய டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. டிரைவர் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு சர்க்யூட்) வைத்த பிறகுதான் நின்றது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தாலும் இதே கதைதான். டிம்மருக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருக்கும் பல்பு வேண்டும். இன்னொன்று: நியான் விளக்கு உள்ள சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக மினுங்கினால் பயப்பட வேண்டாம். அந்த நியான் வழியாகக் கசியும் துளி கரண்டே அதற்குப் போதும். நியான் இல்லாத சுவிட்சிலும் அப்படி மினுங்கினால் மட்டும், சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறதா நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆளை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஆயுள் 25,000 மணி நேரம் என்று அட்டை சொல்கிறது. உள்ளே இருக்கும் எல்.இ.டி. சிப் தாங்கும், முதலில் சாவது டிரைவர்தான், அதிலும் மின்சாரத்தைச் சீராக்கும் கெபாசிட்டர். அதைக் கொல்வது சூடு. எங்கள் வீட்டில் காற்றோட்டமாகத் தொங்கும் பல்புகள் இன்னும் எரிகின்றன. மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் போட்ட பாத்ரூம் பல்புகள்தான் அடுத்தடுத்துப் போயின. கூண்டின் அடியைத் திறந்துவிட்டு, வாட் குறைந்த பல்பு போட்ட பிறகு நிற்கின்றன. தெருவோரத்தில் மிக மலிவாக விற்கும் பல்புகள் சிலவற்றில் கெபாசிட்டரே இருக்காது. அவை நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் செல்போன் கேமராவை அருகில் காட்டினால் பல சமயம் கருப்புப் பட்டைகள் ஓடும். படிக்கும் மேசைக்கு அப்படிப்பட்டது வேண்டவே வேண்டாம்.

லோ வோல்டேஜ் ஊர்க்காரர்களுக்கு எல்.இ.டி. வரம். 230 வோல்ட் 170க்கு இறங்கினால் குண்டு பல்பின் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பழைய சோக் வைத்த டியூப் லைட் பிடிக்காமல் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி. அசையாது. இன்வெர்ட்டர் பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கிறது.

குண்டு பல்பை முழுதாக விடவும் முடியவில்லை. கொல்லைப்புறத்தில் கோழிக்குஞ்சுகளுக்குக் கதகதப்பு வேண்டும். அதற்கு இன்றும் 60 வாட் குண்டு பல்புதான். சமையல் ஓவனுக்குள்ளும் எல்.இ.டி. தாங்காது.

வாங்கும்போது வாரண்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள். இரண்டு வருடம் தருவதும் உண்டு. கடை பில்லின் எழுத்து சில மாதங்களில் அழிந்துவிடுவதால் அதை அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். பல்பின் கழுத்தில் மார்க்கரால் வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் எழுதிவிட்டுத்தான் ஹோல்டரில் மாட்டுகிறேன்.