கேம் ஏற்றித் தருகிறோம் என்றால், கணக்கு யார் பேரில் என்று முதலில் கேளுங்கள்

வீடியோ கேம் ஏற்றித் தரும் கடை ஒன்றில் என் தம்பியின் 1,800 ரூபாய் போனது. அவன் அதை மைக் செட் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தான். ஆடி மாதம் எங்கள் பக்கத்து ஊர்களில் அம்மன் கோயில் திருவிழாக்கள் வரிசையாக வரும். இரவு முழுக்க ஒலிபெருக்கிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றி இறக்கினால் 300 ரூபாய் கொடுப்பார்கள். ஆறு இரவு கண் விழித்துச் சேர்த்த பணம் அது. அதனால்தான் இதை விடாமல் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா விவசாயம், நான் மன்னார்குடியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், தம்பி கல்லூரி முதலாண்டு. வீட்டில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது, டிவியில் இணைத்து கேம் ஆடும் கன்சோல். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்ததை வாங்கினோம். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவிட்டு நானும் தம்பியோடு உட்கார்ந்துவிடுவேன். கால்பந்து டிஸ்க் ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. இரண்டு வருடம் அதையே ஆடினோம்.

போன ஆவணியில் புதிதாக ஒரு சாகச கேம் வெளியானது. தம்பி அதன் முன்னோட்டத்தை எத்தனை முறை பார்த்தான் என்று எண்ண முடியாது. மழையில் நனைந்த நகரம், நீரில் விளக்கு மின்னுவது, குதிரையின் பிடரி மயிர் தனித்தனியாக அசைவது எல்லாவற்றையும் எனக்கும் காட்டினான். "வாங்கலாமா? பணத்துக்குத் தகுமா?" என்று கேட்டேன். "எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள் அக்கா" என்றான். அந்த எல்லோரும் எந்த இயந்திரத்தில் ஆடிவிட்டுச் சொல்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் காட்டிய காட்சிகள் அனைத்தும் பிளேஸ்டேஷன் 5-இல் பதிவானவை. எங்களிடம் இருப்பதோ இந்தியாவுக்கு 2014-இல் வந்த தலைமுறை.

புது டிஸ்க் 3,999 ரூபாய். நாங்களே இணையத்தில் வாங்கி இறக்கலாம் என்றால், கேமின் அளவு 90 ஜிபி. எங்கள் ஊருக்கு இன்னும் கம்பிவழி இணையம் வரவில்லை, கைப்பேசியில் நாளுக்கு 2 ஜிபி கிடைக்கும். வேறு எதற்கும் இணையத்தைத் தொடாமல் இருந்தாலும் 45 நாள் ஆகும். இந்த இடத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் சிக்குகிறோம். நகரத்துப் பிள்ளை ஓர் இரவில் இறக்கிவிடுவதை நாம் கடையில் கொண்டுபோய் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது தெரிந்துதான் கடை விரிக்கிறார்கள்.

கும்பகோணத்தில் ஒரு கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. "எல்லாப் புதிய கேம்களும் பாதி விலைக்குக் கீழே, ஒரிஜினல், ஏற்றித் தரப்படும்" என்று தம்பியின் நண்பன் வழியாகத் தகவல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்சோலைத் துண்டில் சுற்றி ஒயர் கூடையில் வைத்து, மன்னார்குடியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினோம். வலங்கைமான் வரை நின்றுகொண்டே போனோம். தம்பி கூடையைக் கீழே வைக்கவே இல்லை.

கடைக்காரர் நன்றாகவே பேசினார். டிஸ்க் வேண்டாம், தேய்ந்துவிடும், டிஜிட்டல்தான் நல்லது என்றார். 1,800 ரூபாய் என்றார். எங்கள் கன்சோலில் தன்னுடைய பிளேஸ்டேஷன் கணக்கு ஒன்றைச் சேர்த்தார். கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையை உடம்பால் மறைத்துக்கொண்டார். பிறகு கேமை ஏற்றினார்.

"இது உங்களுக்கே சொந்தம் அக்கா. ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். கன்சோலில் நெட்டை இணைக்காதீர்கள்" என்றார்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"சாப்ட்வேர் குழம்பிவிடும்."

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். முறையாக வாங்கிய கேமுக்கு இணையம் எந்தக் கெடுதலும் செய்யாது. ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "லோடிங் சர்வீஸ் 1,800" என்று எழுதிக் கொடுத்தார். கேமின் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. யுபிஐ-யில் பணம் அனுப்பியபோது திரையில் கடையின் பெயர் வராமல் யாரோ ஒரு தனிநபரின் பெயர் வந்தது. பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் காத்திருந்ததால் நானும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆடிப் பார்த்தால், முன்னோட்டத்தில் கண்ட நகரம் அதில் இல்லை. தூரத்துக் கட்டடங்கள் களிமண் பொம்மை போலத் தெரிந்தன. குதிரை வேகமாக ஓடினால் படம் திக்கித் திக்கி நகர்ந்தது. பதினைந்து நாள் பொறுத்து ஆடினான் தம்பி. ஒரு ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் இடத்தில் கேம் உறைந்து நின்றது. மறுபடி தொடங்கினாலும் அதே பாலத்தில் நின்றது. இந்தக் கோளாறைச் சரிசெய்யும் திருத்தம் வந்துவிட்டது, இறக்கிக்கொண்டால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நாள் மாலை கைப்பேசி இணையத்தைக் கன்சோலில் இணைத்தான்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கேமின் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு வந்து உட்கார்ந்தது. அதை அழுத்தினால், உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று செய்தி. தம்பி அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கன்சோலை அணைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தான்.

மறுநாள் கடைக்குப் போன் செய்தேன். "நெட் இணைக்க வேண்டாம் என்று சொன்னேனே அக்கா, தப்பு உங்களுடையது" என்றார். "600 ரூபாய் கொடுங்கள், வேறு கணக்கில் ஏற்றித் தருகிறேன்" என்றும் சொன்னார்.

தப்பு எங்களுடையது இல்லை. அதற்கு விவரம் வேண்டும் என்பதால், அடுத்த ஒரு வாரம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் புரிந்துகொண்டேன். டிஜிட்டலாக வாங்கும் கேம் கன்சோலுக்குச் சொந்தமாவதில்லை, வாங்கிய கணக்குக்குச் சொந்தமாகிறது. ஒரு கணக்கு ஒரே ஒரு பிளேஸ்டேஷன் 4-ஐத்தான் தன் முதன்மைக் கன்சோலாக வைத்துக்கொள்ள முடியும். முதன்மையாக இருக்கும்வரை அந்தக் கன்சோலில் யார் வேண்டுமானாலும், இணையம் இல்லாமலே, அந்தக் கணக்கின் கேம்களை ஆடலாம். வீட்டில் அண்ணன் வாங்கியதைத் தங்கை ஆடுவதற்கு வைத்த வசதி இது. கடைக்காரர் ஒரு கணக்கில் ஒரு கேமை வாங்கி, எங்கள் கன்சோலை முதன்மையாக்கிக் காசு வாங்கிக்கொண்டார். எல்லாக் கன்சோல்களிலிருந்தும் கணக்கை விலக்கிக்கொள்ளும் வசதியும் அதே கணக்கில் உண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை. எங்களை விலக்கிவிட்டு அடுத்தவரை முதன்மையாக்கி, அதே கேமை மறுபடி விற்றிருக்கிறார். இணையம் இல்லாதவரை எங்கள் கன்சோலுக்கு இது தெரியாது. இணைத்ததும் தெரிந்துவிட்டது. அவர் கணக்கை மாற்றாமல் இருந்திருந்தால் நாங்கள் நாள் முழுக்க இணைத்து வைத்தாலும் பூட்டு வந்திருக்காது. எந்தக் கணக்கையும் நம்பி இல்லாத எங்களுடைய கால்பந்து டிஸ்க் இன்றைக்கும் ஓடுகிறது.

இணையத்தை இணைக்காதே என்ற சொல் இன்னொரு வகையிலும் கொடுமையானது. இப்போது புது கேம்கள் பல, பிழைகளோடு வெளிவந்து பிறகு திருத்தப்படுகின்றன. அந்தத் திருத்தம் இணையத்தில்தான் வரும். அதை வாங்காமல் ஆடு என்பது, பாதி வெந்த சோற்றை எடுத்து வைத்துவிட்டு அடுப்பைத் தொடாதே என்பதுதான்.

அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்து முதலில் சொல்லவில்லை. விஷயம் தெரிந்ததும் அவர் திட்டவில்லை. குறுவை அறுப்புக்கு ஆள் பேசிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "சரி, அந்தச் சாமான் யார் பேரில் இருக்கிறது?" என்று கேட்டார். கால் காணி நிலம் வாங்குவதானாலும் பட்டா யார் பேரில், வில்லங்கம் உண்டா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கிற ஊர் இது. விதை நெல்லையும் அப்பா அப்படியே வாங்கிவந்து தெளிப்பதில்லை. நூறு விதையை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பார். சான்று நெல் விதைக்குக் குறைந்தது 80 சதவீதம் முளைப்புத்திறன் இருக்க வேண்டும். 80 வராவிட்டால் திருப்பிக் கொடுக்கப் போய்விடுவார். அந்த வீட்டில் பிறந்த நான் ஒரு முன்னோட்டத்தை நம்பி, யார் பேரில் என்று கேட்காமல் பணம் அனுப்பினேன். அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

நாங்கள் இரண்டு தவறு செய்தோம். கடையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கேமைத் தேர்ந்தெடுத்த விதமும் தவறு. வெளியான நான்காம் நாள் வாங்கினோம். அன்றைக்கு பிளேஸ்டேஷன் 4-இல் ஆடிக் காட்டிய ஒரு காட்சிகூட நாங்கள் பார்க்கவில்லை. சைபர்பங்க் 2077 என்ற கேமின் கதை பலருக்கு நினைவிருக்கும். அது 2020 டிசம்பர் 10-இல் வெளியானது. அதற்கு முன் விமர்சகர்கள் கையில் கொடுக்கப்பட்டது கணினிப் பதிப்பு. மதிப்பெண்கள் அமோகமாக வந்தன. பழைய கன்சோல்களில் வாங்கியவர்கள் பட்ட பாடு வேறு. ஏறக்குறைய ஒரு வாரத்தில், பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. திரும்பவும் அது கடைக்கு வர 2021 ஜூன் ஆனது. அவ்வளவு பெரிய கேமுக்கே அந்த நிலை என்றால், நம் கையில் இருக்கும் இயந்திரத்தில் ஓடும் காட்சியைப் பார்க்காமல் எதை வாங்கினாலும் அது குருட்டுத்தனம்.

ஆகவே பொறுங்கள். ஒரு மாதம் கழித்து வாங்கினால் கதை மாறிவிடாது. உங்கள் கன்சோலின் பெயரைப் போட்டுத் தேடி, வெட்டாமல் ஓடும் அரைமணி நேரக் காட்சி ஒன்றையாவது பாருங்கள். எத்தனை ஜிபி, எத்தனை திருத்தம், உங்கள் ஊர் இணையம் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள். 500 ஜிபி கன்சோலில் 90 ஜிபி என்பது சின்ன இடமில்லை. ஆடிப் பார்க்க இலவச மாதிரி இருந்தால் அதை முதலில் ஆடுங்கள். கணினியில் ஆடுகிறவர்களுக்கு ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஒரு நல்ல விதி இருக்கிறது. வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் கடையில் அப்படி இல்லை. 14 நாள் உண்டு, ஆனால் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டால், கேமே பழுதாக இருந்தாலொழிய, பணம் திரும்பாது. அதனால் கன்சோல்காரர்கள் இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், எங்களைப் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு டிஸ்க்தான் நல்லது. திருத்தத்தை மட்டும் இறக்கினால் போதும், முடித்த பிறகு நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், விற்கலாம். 3,999-க்கு வாங்கி 2,000-க்கு விற்றாலும் செலவு 1,999தான், நாங்கள் ஏமாந்த தொகையைவிட 199 அதிகம். கணினிக்கு வரும் பெட்டிகள் பலவற்றில் டிஸ்க் இருக்காது, தாளில் ஒரு குறியீட்டு எண் மட்டும் இருக்கும். அது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட எண்ணாக இருந்தால் பெட்டி வெறும் அட்டை. கடையிலேயே, உங்கள் கணக்கில், அந்த எண்ணை அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

600 ரூபாய் கேட்டவரிடம் நான் கொடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரரே கூப்பிட்டு, "இதற்கெல்லாம் ஏன் அக்கா அங்கே போகிறீர்கள்" என்று 1,000 ரூபாய் அனுப்பினார். மீதி 800-ஐக் கேட்டால், பத்தொன்பது நாள் ஆடினீர்களே என்கிறார்.

கடை தஞ்சாவூர் மாவட்டம், நாங்கள் திருவாரூர் மாவட்டம். வழக்கென்றால் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் அலைய வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். திருவாரூருக்கு எழுதிய மனுவின் இரண்டு பிரதிகள் என் மேசையில் இருக்கின்றன. கூடவே அந்தத் துண்டுச் சீட்டு, பணம் போன யுபிஐ பக்கத்தின் படம், பூட்டு விழுந்த திரையைத் தம்பி எடுத்த படம். கன்சோலின் பயனர் பட்டியலில் கடைக்காரரின் கணக்குப் பெயர் இன்னும் இருக்கிறது. அதை நீக்கிவிடவா என்று தம்பி தினமும் கேட்கிறான். விசாரணை முடியும்வரை இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.