மொட்டை மாடிக்கு 'இலவச ஆய்வு' செய்ய வருகிறார்களா? உஷார்

மழை ஓய்ந்து தை பிறந்ததும் சென்னையில் மடிப்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் வந்து விழ ஆரம்பிக்கும். 'மொட்டை மாடி ஒழுகலா? இலவச ஆய்வு, 10 வருட கேரண்டி.' இந்த வருடமும் வந்துவிட்டது. பெயரும் போன் நம்பரும் மாறியிருக்கின்றன, ஆனால் வாசகமும் அந்த வெள்ளை மாடிப் படமும் எனக்கு நன்றாகப் பழகியவை. யாராவது கூப்பிடுவதற்கு முன் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு தொண்ணூறுகளில் கட்டியது. மாடி 900 சதுர அடி. அந்தக் காலத்து முறைப்படி தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதன் மேல் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்திருக்கிறார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியதே, அதற்குப் பிறகு படுக்கையறை சீலிங்கில் ஒரு மூலையில் பழுப்பாக வட்டம் விழுந்தது. மழை நின்றும் காயவில்லை. பொங்கல் கழிந்து அந்த நோட்டீஸ்காரரைக் கூப்பிட்டோம்.

இரண்டு பேர் வந்தார்கள். படுக்கையறையை எட்டிப் பார்த்ததோடு சரி, நேராக மாடிக்குப் போய் சுத்தியலால் ஒரு தட்டோட்டைப் பெயர்த்தார்கள். அடியில் ஈரம். "பாத்தீங்களா சார், ஸ்லாபே ஊறிப் போச்சு. இந்த வருஷம் விட்டீங்கன்னா கம்பி துருப்பிடிச்சு சீலிங் கையோட வந்துடும்" என்றார் பெரியவர். கடல் காற்று அடிக்கிற ஊரில் கம்பி துரு என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று: சுண்ணாம்பு ஜல்லி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், மழைக்காலம் முடிந்து வாரக்கணக்கில் ஈரமாகத்தான் இருக்கும். ஜனவரியில் எந்த மாடியின் தட்டோட்டைப் பெயர்த்தாலும் அதே காட்சிதான். தளம் ஒழுகுகிறது என்பதற்கு அது அத்தாட்சியே இல்லை.

சதுர அடிக்கு 45 ரூபாய், மொத்தம் 40,500. சுத்தமாகக் கழுவி, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, விரிசல்களில் ஃபைபர் மெஷ் என்ற வலையை ஒட்டி, மேலே மூன்று கோட் என்று வாயால் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த சீட்டில் 'வாட்டர் ப்ரூஃபிங் வேலை, 900 ச.அ.' என்ற ஒரே வரி.

நடந்த வேலை வேறு மாதிரி. கழுவல் என்பது தென்னந்துடைப்பத்தால் பெருக்கியது. மெஷ் கண்ணிலேயே படவில்லை. பிரைமர் அடித்தோம் என்றார்கள், தண்ணீர் கலந்த அதே பெயிண்டாக இருந்திருக்கும் என்பது என் யூகம். சீல் உடைக்காத 20 லிட்டர் டப்பா ஒன்று, ஏற்கெனவே திறந்த டப்பா ஒன்று, அவ்வளவுதான் மேலே ஏறியது. அந்த டப்பாவின் மேலேயே ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 30 சதுர அடி வரும் என்று அச்சடித்திருந்தது. அப்படியானால் 900 சதுர அடிக்கு இரண்டு கோட்டுக்கே 30 லிட்டர் வேண்டும், மூன்றாவது கோட் தனி. கேட்டதற்கு "எங்க ஆளுங்க அடிக்கிற ஸ்டைல்ல மெட்டீரியல் கம்மியாதான் சார் போகும்" என்று பதில்.

சாயங்காலம் மாடி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

மீதிப் பணம் கேட்டபோது, பைப் வாயை அடைத்துத் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். பெரியவர் பதறிவிட்டார். "புதுக் கோட்டிங் மேல தண்ணி நிறுத்தினீங்கன்னா கேரண்டி கேன்சல் ஆயிடும் சார்!" இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு காய நாலைந்து நாள் அவகாசம் கேட்டால் நியாயம். தண்ணீரே கட்டக் கூடாது என்றால், தண்ணீரைத் தடுப்பதற்காகப் போட்ட பூச்சுக்கு வேறு என்ன வேலை? அதற்குள் ஆட்கள் கேட்டருகில் நின்று கூலி கேட்டுச் சத்தம் போட, அம்மா உள்ளே இருந்து எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சித்திரை வெயிலுக்குப் பூச்சு அப்பளம் மாதிரி பொரிந்து உரிய ஆரம்பித்தது. உரிந்த ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கறுத்த பாசி ஒட்டிக்கொண்டிருந்தது. பாசியைச் சுரண்டவே இல்லை, அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். இன்னொரு கூத்து, கோடையிலும் சீலிங் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. ஜல்லிக்குள் இருந்த ஈரம் வெயிலில் மேல்வழியாக ஆவியாகப் போயிருக்க வேண்டியது, மேலே மூடிவிட்டதால் கீழே இறங்கி உப்புப் பூத்து சீலிங் சிமெண்ட் பூச்சை உதிர்த்துவிட்டது. ஜூன் மாதம் ஒரு மாலை மழைக்கே சொட்ட ஆரம்பித்தது. போன் செய்தால் முதலில் "வந்து பாக்கறோம் சார்", பிறகு "அது கட்டட விரிசல், கேரண்டியில வராது", பிறகு ஸ்விட்ச் ஆஃப். கட்டட விரிசலுக்குக் கேரண்டி இல்லை என்பதைக் கேரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்தும் இருந்தார்கள்.

கடைசியில் தெருக்கோடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் முதலில் உட்கார்ந்தது படுக்கையறையில். வட்டம் எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று முழம் போட்டு அளந்துகொண்டு, மேலே போய் அதே இடத்தைப் பார்த்தார். நேர் மேலே மழைநீர் பைப்பின் வாய். கால் பாட்டில் சொட்டு நீலத்தை ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து அந்த வாயில் மட்டும் மெதுவாக ஊற்றச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கீழே இருந்து அம்மா கூப்பிட்டார், சீலிங்கில் நீலம் இறங்கியிருந்தது. "தம்பி, தளத்துல ஒண்ணுமில்ல. பைப்புக்கும் தளத்துக்கும் நடுவுல கலவை விட்டுப் போயிருக்கு" என்றார். சுற்றிலும் கொத்தி எடுத்து, பைப் வாயை மாற்றி, கலவையால் இறுக்கி அடைத்து, கைப்பிடிச் சுவர் மூலையில் சரிவாகப் பூசிக் கொடுத்தார். கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் ஆகவில்லை. போன ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்த மூலையில் ஒரு சொட்டு இல்லை.

ஆகவே, பூச்சு விற்கிறவரையே மாடியைப் பார்க்கச் சொல்லாதீர்கள். அவருக்கு 900 சதுர அடியும் ஒழுகத்தான் செய்யும். ஒரு கொத்தனாருக்கோ சிவில் இன்ஜினியருக்கோ பார்ப்பதற்கென்று தனியாகக் காசு கொடுங்கள், அல்லது நீங்களே ஏறிப் பாருங்கள். பொதுவாகத் தளத்தின் நடுவைவிட ஓரங்கள்தான் சந்தேகத்துக்குரியவை: பைப் வாய், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, தண்ணீர்த் தொட்டியின் அடி, டிஷ் ஆன்டெனாவுக்கும் சோலார் தகட்டுக்கும் போல்ட் இறக்கிய துளை. சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். சீலிங்கை ஒரு கம்பால் தட்டினால் பூச்சு விட்ட இடம் பொக்கென்று கேட்கும், நேர்கோடாகத் துருக்கறை தெரிந்தால் கம்பி வரை போய்விட்டது, அப்போது இன்ஜினியர் வந்தே ஆக வேண்டும். பூச்சு வேலை அவசியம்தான் என்று முடிவானாலும், முந்தின ராத்திரி ஒரு பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுத் தளத்தில் ஒட்டி வையுங்கள். காலையில் அடியில் வியர்த்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை, அதற்கு மேல் எதை அடித்தாலும் உரியும். வெயிலைத் தடுக்கும் வெள்ளைப் பெயிண்டையும் வாட்டர் ப்ரூஃபிங் என்றே தள்ளிவிடுகிறார்கள், அதையும் கவனியுங்கள்.

வேலை முடிந்து ஒழுகுகிறதா என்று சோதிக்கத் தண்ணீர் கட்டும்போது நிதானம் வேண்டும். 900 சதுர அடியில் ஓர் அங்குலம் நிறுத்தினாலே சுமார் 2,100 லிட்டர், அதாவது இரண்டு டன்னுக்கு மேல் பாரம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் தேக்கு உத்தரத்தில் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இன்ஜினியரைக் கேட்காமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

எங்கள் புகார் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவாகியிருக்கிறது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். சிக்கல் என்னவென்றால் எதிர்த்தரப்பின் விலாசம் வேண்டும், அந்த அட்டையில் இருந்தது வெறும் போன் நம்பர். முன்பணம் 25,000 மட்டும் யுபிஐ-யில் போனதால் ஒரு வங்கிக் கணக்கின் பெயராவது கையில் இருக்கிறது. மீதியெல்லாம் ரொக்கம், ரசீதும் இல்லை. இதே ஆட்களிடம் இந்தப் பக்கத்தில் வேறு யாராவது வேலை கொடுத்து, ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கியிருந்தால் சொல்லுங்கள், எங்களுக்கு அந்த விலாசம் உதவும்.