யாகுட்ஸ்க், ரெய்க்யவிக்: இரண்டு குளிர்காலங்கள்

வடக்கே போகப் போகக் குளிர் கூடும் என்றுதான் நினைப்போம். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் 64 டிகிரி வடக்கில் இருக்கிறது. சைபீரியாவின் யாகுட்ஸ்க் அதற்கும் தெற்கே, 62 டிகிரியில். ஆனால் ஜனவரி சராசரி ரெய்க்யவிக்கில் 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும், யாகுட்ஸ்கில் மைனஸ் 38 வாக்கில்!

காரணம் கடல். அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் ஐஸ்லாந்துக்குச் சூடு கொண்டுவருகிறது. யாகுட்ஸ்கோ பெருநிலத்தின் உள்ளே கிடக்கிறது. கோடையின் சூட்டை நிலம் சீக்கிரம் இழந்துவிடும். அப்புறம் சைபீரியா மேல் குளிர்காலத்தில் நிலைகொள்ளும் உயர் காற்றழுத்தம் கனத்த குளிர்காற்றை அசையவிடாமல் அமுக்கி வைக்கும். விடும் மூச்சு இமைமுடியில் வெள்ளையாக உறைந்து ஒட்டிக்கொள்ளும். வண்டிப் புகையின் ஈரமும் உறைந்து, பக்கத்துக் கட்டடம் தெரியாத அளவுக்கு மூடுபனியாகத் தெருவில் தொங்கும். அடியில் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலம் கட்டடச் சூட்டில் இளகிவிடக் கூடாதென்று கட்டடங்களையே தூண்கள் மேல் நிறுத்தியிருக்கிறார்கள்.

ரெய்க்யவிக்கில் தொல்லை காற்றுதான். மழை பக்கவாட்டில் அடிக்கும், குடை நிற்காது. பகலில் உருகிய பனி இரவில் கண்ணாடியாக இறுகி வழுக்கும். நகர மையத்தில் புவிவெப்ப நீரை அடியில் ஓடவிட்டு நடைபாதைகளைச் சூடாக்குகிறார்கள்.

முதல்முறை பனி பார்க்கப் போகிறவருக்கு ரெய்க்யவிக்கைத்தான் சொல்வேன். குளிர் என்ற சொல்லின் முழு எடையும் தெரிய வேண்டுமா? யாகுட்ஸ்க்.