ரே ரோடு அண்ணாச்சி கடை: பழைய அவுட்போர்டு மோட்டாரை நம்பிக் கொடுக்கலாமா?

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மும்பை ஹார்பர் லைனில் ரே ரோடு ஸ்டேஷனில் இறங்கி தாருகானா பக்கம் நடந்தால் சங்கிலி, நங்கூரம், உடைத்த கப்பலில் இருந்து வந்த வயர் ரோப் எல்லாம் இருபுறமும் குவிந்து கிடக்கும் சந்துகள் வரும். அதில் ஒன்றில், வாசலில் தண்ணீர் நிரப்பிய நீல டிரம்மும் அதன் விளிம்பில் பலகை கட்டி மாட்டிய அவுட்போர்டும், அதாவது படகின் பின்னால் மாட்டுகிற மோட்டாரும், தெரிந்தால் அதுதான். நடத்துகிறவர் தூத்துக்குடிக்காரர், அறுபதைத் தாண்டியவர். எல்லாருக்கும் அண்ணாச்சி.

என்னுடையது யமஹா 15 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 246 சிசி, கைக்கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற பழைய மோட்டார். ட்ரோம்பே கோலிவாடா என்கிற மீனவர் குடியிருப்பில் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து வாங்கிய சின்ன ஃபைபர் படகோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடப் போவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. நோய் இதுதான்: குளிர்ந்த எஞ்சின் ரெண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும், பத்து நிமிஷம் அருமையாக ஓடும், முழு வேகம் கொடுத்ததும் மூச்சு வாங்கி நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடும். ஏற்கெனவே வேறொரு இடத்தில் காட்டி, கார்புரேட்டர் புதுசு, பிளக் புதுசு, இக்னிஷன் காயில் புதுசு என்று வரிசையாக மாற்றிப் பதினோராயிரம் அழுதிருந்தேன். நோய் அப்படியே இருந்தது.

அண்ணாச்சி ஸ்பேனரைத் தொடவே இல்லை. டிரம்மில் மாட்டி ஓட்டச் சொன்னார், நிற்கப்போகிற நேரத்தில் பெட்ரோல் ஹோஸில் இருக்கிற ரப்பர் பல்பை ரெண்டு அமுக்கு அமுக்கினார். எஞ்சின் உடனே எழுந்துகொண்டது. "தம்பி, கரண்ட்ல கோளாறு இல்ல, பெட்ரோல் வந்து சேரல" என்றார். அப்புறம் ஹோஸைக் கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் கிழித்துக் காட்டினார். வெளியே நல்ல கறுப்பு ரப்பர். உள்ளே தோல் மாதிரி ஒரு அடுக்கு உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் பலமாக உறிஞ்சும்போது அந்தத் தோல் ஒன்றோடொன்று ஒட்டி வழியை அடைத்துவிடும். பல்பை அமுக்கினால் அழுத்தத்தில் திறந்துகொள்ளும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ஹோஸ் எல்லாம் இப்படித்தான் உரிகிறது என்பது அவர் கணக்கு. பதினோராயிரத்துக்கு மாற்றாத ஒரே பொருள் அந்த ஹோஸ்தான்.

அதோடு முடிந்திருந்தால் ஐந்நூறு ரூபாயில் வீடு திரும்பியிருப்பேன். ரெண்டு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுசாகத் திறந்து வைத்து, கம்ப்ரஷன் மீட்டரை மாட்டி என்னையே கயிறு இழுக்கச் சொன்னார். மேல் சிலிண்டரில் அழுத்தம் 115 psi, கீழ் சிலிண்டரில் 75. ரெண்டுக்கும் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். இதில் பெட்ரோலோடுதான் ஆயில் போகிறது, ஆகவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். காய்ந்த பிஸ்டன் சுவரை உரசும். திறந்து பார்த்தால் அதே கதைதான், கீழ் பிஸ்டனில் நகத்தால் கீறினாற்போல நெடுக்குக் கோடுகள், ரிங் கரியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கூலிங்கும் மோசம். தண்ணீர் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் இம்பெல்லரில் ரெண்டு இதழைக் காணோம். ஒரு துண்டை பிளாக்கின் தண்ணீர் வழிக்குள்ளிருந்து கம்பியால் குத்தி எடுத்தார். பின்னால் தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டுதானே இருந்தது என்றேன். பம்ப் சுற்றுகிறது என்பதற்குத்தான் அது சாட்சியாம், தலைப்பக்கம் உப்பு கட்டியிருந்தால் அதில் தெரியாதாம். எனக்கு இது புதுசு. கியர் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. புரொப்பெல்லரைக் கழற்றினால் ஷாஃப்டைச் சுற்றி ஒரு கட்டுத் தங்கூஸ் தூண்டில் நரம்பு, அது ஆயில் சீலை அறுத்துத் தண்ணீரை உள்ளே விட்டிருக்கிறது. நரம்பு எங்களுடையதேதான், நிறம் பார்த்தே தெரிந்தது.

வேலை சுத்தம். ரெண்டு சிலிண்டரையும் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி அதற்கேற்ற பிஸ்டன் போட்டார். உப்பில் இறுகிய எக்ஸாஸ்ட் கவர் போல்ட்டுகளைச் சூடு காட்டித்தான் எடுத்தார். ஒன்று முறிந்தது, அதை மறைக்காமல் போன் பண்ணிச் சொல்லி, துளையிட்டுப் புது மரை போட்டுக் கொடுத்தார். கழற்றிய ஒவ்வொரு பழைய சாமானையும் ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு என்னிடமே தந்தார். கூலி 8,500. பொருட்களுக்கு ரசீதோடு 21,000 சொச்சம், லேத் கூலி தனி.

இனி குறைகள். பத்து நாள் என்று சொன்ன வேலை ஐந்து வாரம் இழுத்தது. தப்பு பாதி என் மேல்: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், ஊரில் உள்ள மோட்டார் எல்லாம் அப்போதுதான் கடைக்கு வரும், நான் ஜூன் இரண்டாம் வாரம் போய் நின்றேன். ஆனாலும் "நாளைக்கு வாங்க தம்பி" என்று நாலு முறை மழையில் முழங்கால் தண்ணீரில் நடக்கவிட்டது நியாயமில்லை. நான் கூப்பிட்டபோது ஒரு தடவையாவது போனை எடுத்திருக்கலாம். இன்னொன்று, எஞ்சின் சூடேறும்வரை கூலிங் தண்ணீரைத் தடுத்து வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு அது இல்லாமலே மூடப் பார்த்தார். மீன்பிடிப் படகுகளில் அப்படித்தான் பழக்கம் என்றார். முழுநாளும் வேகமாக ஓடுகிற மோட்டாருக்குச் சரி, எங்களைப் போல மெதுவாக உருட்டிக்கொண்டு தூண்டில் போடுகிறவர்களுக்கு எஞ்சின் சூடேறாமல் பிளக் கறுத்துப்போகும். கொஞ்சம் வாக்குவாதத்துக்குப் பிறகு புதுசு வாங்கிப் போட்டார், முகம் மட்டும் ரெண்டு நாள் சரியில்லை.

முதல் பத்து மணி நேரத்துக்கு 25:1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி ஆயில், அப்புறம் 50:1 என்று டேங்க் மேலேயே மார்க்கரில் எழுதிக் கொடுத்தார். பைக் ஆயில் ஊற்றாதே, படகு டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 முத்திரை போட்டதுதான் வேண்டும் என்று மூன்று முறை சொன்னார். இப்போது ஏழாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. புகை கொஞ்சம் அதிகம், மற்றபடி எலிஃபண்டா பக்கம் போய்த் திரும்பும்வரை ஒரு முறைகூட நிற்கவில்லை.

நீங்கள் போவதானால் மார்ச், ஏப்ரலில் போங்கள், ஞாயிறு வேண்டாம். மோட்டாரை மட்டும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். டேங்க், ஹோஸ், பல்பு எல்லாம் சேர்த்து எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் தொடாமலே திருப்பி அனுப்பிவிடுவார். நான் அதற்காகவே ட்ரோம்பேக்கு இன்னொரு நடை போய் வந்தேன்.