ஒரே போலோ, இரண்டு குணம்: எண்ணூர் சாலையில் ஓர் ஒப்பீடு

என்னுடைய வோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 2015ஆம் ஆண்டு மாடல். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சித்தப்பா மகன் அதே ஆண்டு மாடலைப் பழைய வண்டியாக வாங்கி, இரண்டு வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியமைத்தான். இரண்டு வீடும் தண்டையார்பேட்டையில் என்பதால், சென்ற மூன்று மாதங்களாக வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க முடிந்தது. பழைய போலோவை வாங்கி இதே வேலைகளைச் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இது இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அல்ல என்பது தெரியும். ஆனாலும் நம் கைக்கு எட்டும் விலையில் அந்த உணர்வைத் தந்த கார்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

தொழிற்சாலை வண்டியில் 1.2 லிட்டர் டர்போ இன்ஜின் 105 குதிரைத்திறனையும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையையும் தருகிறது. அந்த விசை நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடுவதுதான் இதன் அழகு. தம்பியின் வண்டியில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதி, டர்போவின் அழுத்தத்தையும் தீப்பொறி விழும் நேரத்தையும் திருத்தியிருக்கிறார்கள். இதைத்தான் ரீமேப் என்கிறோம். பட்டறையில் கொடுத்த தாளில் 140 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. இதோடு 35 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள், 17 அங்குலச் சக்கரங்கள், சத்தம் கூடிய சைலன்சர், புதிய முன் பிரேக் பேடுகள் ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன.

முதலில் ரீமேப்பைப் பற்றி மனம் திறந்து சொல்லிவிடுகிறேன்: அது மகிழ்ச்சியான மாற்றம். மீஞ்சூரில் தொடங்கி வண்டலூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலையில், விடியற்காலையில் ஒரு லாரியைக் கடக்க ஆக்சிலரேட்டரை அழுத்தினால், என் வண்டி ஒரு கியர் இறங்கி யோசித்துப் புறப்படும் இடத்தில், தம்பியின் வண்டி அதே கியரிலேயே மூச்சை இழுத்துக்கொண்டு பாய்கிறது. கடப்பதற்கு ஆகும் நேரம் குறைவது பாதுகாப்புக்கும் நல்லதுதான். ஆனால் கூடுதல் அழுத்தத்தில் பெட்ரோல் நேரம் தவறி வெடித்து இன்ஜின் தட்டாமல் இருக்க அதிக ஆக்டேன் பெட்ரோல் தேவை. மணலி சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர் தெரியும் தொலைவில் குடியிருந்தும், 95 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் பங்க்கைத் தேடித்தான் அவன் போகிறான்.

இந்த வண்டியின் மெலிவான இடம் கியர்பெட்டி. இரண்டு கிளட்சுகளைக் கொண்டு தானாகவே கியர் மாற்றும் ஏழு வேக டிஎஸ்ஜி பெட்டி இது; இதில் இருப்பவை உலர் கிளட்சுகள். சூட்டை வாங்கிக்கொண்டு போக அவற்றைச் சுற்றி எண்ணெய் கிடையாது. அந்தப் பெட்டி தாங்கக்கூடியதாகச் சொல்லப்படும் முறுக்கு விசை 250 நியூட்டன் மீட்டர். தாளில் உள்ள 230 அதற்குள் அடங்குகிறது என்று கணக்குச் சொல்லும். ஆனால் நம் ஊர் ஓட்டம் வேறு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் பின்னால், டோல்கேட்டிலிருந்து எர்ணாவூர் வரை அடி அடியாக நகரும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் பாதியில் உரசிக்கொண்டே இருக்கிறது. அப்படி முக்கால் மணி நேரம் ஊர்ந்த ஒரு மாலையில், தம்பியின் வண்டி முதல் கியரில் ஒவ்வொரு முறை புறப்படும்போதும் நடுங்கத் தொடங்கியது. மறுநாள் அதே நெரிசலில் என் வண்டியை ஓட்டினேன், நடுக்கம் இல்லை. ஒரே ஒரு மாலையை வைத்து முடிவு சொல்ல மாட்டேன், ஆனாலும் நெரிசலில் ஊர்ந்தே தீர வேண்டியவர்கள், முன்னால் நல்ல இடைவெளி விழும்வரை பிரேக்கை முழுதாக மிதித்து நின்றுவிட்டுப் பிறகு நகர்வது நல்லது.

ஸ்பிரிங்குகளை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. தொழிற்சாலை வண்டியின் தரை இடைவெளி 168 மில்லிமீட்டர். தாழ்த்திய பிறகு 133. சாலை அமைப்புக்கான நெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் நெறிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நம் தெருக்களில் பல வேகத்தடைகள் ஓர் அடி அகலத்தில் செங்குத்தாக நிற்கின்றன. சித்தியும் சித்தப்பாவும் பின் இருக்கையில் உட்கார்ந்தால், அவற்றை வண்டி அடிவயிற்றால் உரசிக்கொண்டுதான் கடக்கிறது. சக்கரத்தின் கதையும் இதுவே: 185/60 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 111 மில்லிமீட்டர், 205/45 ஆர்17 டயருக்கு வெறும் 92. எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் உழுதுவிட்ட பள்ளங்களில் அந்த 19 மில்லிமீட்டர் எவ்வளவு பெரியது என்பதை, வளைந்துபோன ஒரு சக்கரம் எங்களுக்குக் காட்டியது. கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகளை ஒட்டிக் கடலோரம் செல்லும் பகுதியில் என் வண்டி அலைமேல் படகு போல ஏறி இறங்குகிறது. அவன் வண்டியில் ஒவ்வொரு விரிசலும் முதுகெலும்புக்கு வந்து சேர்கிறது. வழுவழுப்பான வெளிவட்டச் சாலையின் வளைவுகளில் மட்டும் தாழ்த்திய வண்டி சாயாமல் திரும்புகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புதிய பேடுகள் மிதித்தவுடன் உறுதியாகப் பிடிக்கின்றன. எனினும் பின்சக்கரங்களில் இருப்பவை பழைய டிரம் பிரேக்குகளே. வலிமையை மூன்றில் ஒரு பங்கு கூட்டிவிட்டு, பின்பக்க பிரேக்குகளைத் தொடாமல் விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. சைலன்சரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: காலை ஐந்து மணிக்கு எங்கள் குறுகிய தெருவில் அதை ஸ்டார்ட் செய்தால் பச்சிளங்குழந்தை இருக்கும் எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வாகனம் மாறக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றங்கள், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது சிக்கலாகலாம். வேகத்தை அனுபவிக்க விரும்புபவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. அப்பா காலத்தில் அதற்குச் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளம் இருந்தது.

என் வண்டியில் மாற்றப்போவது டயரும் பிரேக் பேடும் மட்டுமே. 15 அங்குலச் சக்கரத்திலேயே பிடிப்பு மிகுந்த நல்ல டயர்களைப் போடப்போகிறேன். தம்பி போன வாரம் பழைய ஸ்பிரிங்குகளைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறான். "ரீமேப்பை மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க அண்ணா" என்றான். வெளிவட்டச் சாலையில் அந்த வண்டியை ஓட்டியவன் என்பதால் நான் வற்புறுத்தவில்லை.