அப்பாவின் கிட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுத்து நான் ஏமாந்த விதம்: ஓர் எச்சரிக்கை

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைப் பழுதுபார்க்கவோ அதில் மாற்றங்கள் செய்யவோ சென்னையில் யாரிடமாவது ஒப்படைக்க எண்ணியிருப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. என் புகார் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். கடையின் பெயர் நாளை மாறலாம், கையாண்ட முறை மாறாது என்பது இன்னொரு காரணம்.

கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா 1984ஆம் ஆண்டு ஜப்பானின் கோபே நகரில் வாங்கி, தன் தம்பியான என் அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்த ஃபெண்டர் ஜப்பான் ஸ்ட்ராட்டகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிட்டார் அது. ஜப்பானிய நிறுவனங்கள் மலிவாகவும் தரமாகவும் செய்த நகல்களுக்கு ஈடுகொடுக்க முடியாத நிலையில், அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1982இல் ஜப்பானிலேயே தயாரிப்பைத் தொடங்கியது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வந்த மாதிரிகளை ஒட்டி அந்த முதல் சில ஆண்டுகளில் செய்யப்பட்ட கிட்டார்களுக்கு இன்று உலகெங்கும் தேடி வந்து விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்பாவுக்கு அந்த விவரம் எதுவும் தெரியாது. அண்ணா சாலையில் 1842 முதல் இயங்கிவரும் இசைக்கருவிக் கடையான மியூசி மியூசிகலில் கம்பிகளை வாங்கி மாட்டிக்கொண்டு, திருமண வரவேற்பு, மாதா கோயில் திருவிழா, ஆடி மாத அம்மன் கோயில் கச்சேரி என்று மெல்லிசைக் குழுவோடு பதினெட்டு ஆண்டுகள் அதை வாசித்தார். வலது முன்கை உராயும் இடத்தில் பளபளப்பு மங்கியிருந்தது. பின்புறம் முழுவதும் பெல்ட் கொக்கி போட்ட கீறல்கள். கீழ் விளிம்பில், பெரம்பூர்க் கச்சேரி ஒன்றில் ஒலிபெருக்கிப் பெட்டியில் இடித்துக்கொண்டதால் பூச்சு பெயர்ந்து, ஐம்பது காசு அகலத்துக்கு மரம் தெரிந்தது. அந்த வடுவைக் காட்டி அந்தக் கதையை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாஃபர்கான்பேட்டை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தபோது, பரண்மேல் இருந்ததால் கிட்டார் தப்பியது. ஆனால் அதன்பின் பல மாதங்கள் சுவர்களில் ஊறியிருந்த ஈரம் அதை விட்டுவைக்கவில்லை. கம்பிகளைத் தாங்கும் சாடில்களின் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. ஒலியளவுக் குமிழைத் திருப்பினால் மணலை அரைப்பதுபோல் கரகரத்தது. கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளோ ஏற்கெனவே கம்பித் தடம் விழுந்து குழிந்திருந்தன. 2021இல் அப்பா காலமானார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தாத்தாவின் கிட்டாரை வாசிக்க வேண்டும் என்று கேட்டபோதுதான் அதை வெளியே எடுத்தேன்.

எனக்குத் தேவைப்பட்டவை நான்கே வேலைகள்: ஃபிரெட்டுகளை மாற்றுவது, துருப்பிடித்த திருகுகளைச் சரிசெய்வது, உள்ளே புதிய ஒயரிங், இரைச்சலைக் குறைக்கத் தாமிரத் தாள் ஒட்டுவது. ஒயரிங்கோடு சிறிய மாற்றம் ஒன்றும் கேட்டேன். ஸ்ட்ராட்டகாஸ்டரில், கம்பியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்அப்புகள் மூன்று உண்டு. அதன் ஐந்து நிலை சுவிட்சில், கழுத்துப் பகுதியான நெக் பக்கத்து பிக்அப்பையும், கம்பிகள் கீழே பொருந்தும் பிரிட்ஜ் பக்கத்து பிக்அப்பையும் சேர்த்து ஒலிக்கவைக்க வழியில்லை. கடைசி டோன் குமிழுக்குப் பதிலாக, இழுத்தால் மேலெழும் புஷ்-புல் வகையைப் போட்டுவிட்டால் அந்த இணைப்பும், மூன்று பிக்அப்புகளும் ஒன்றாக ஒலிக்கும் இணைப்பும் கிடைத்துவிடும். மரத்தில் ஓர் ஓட்டைகூடப் போட வேண்டாம், வேண்டாமென்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

கடையை இணையத்தில் வந்த சிறு காணொளிகளைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். சுவர் நிறைய கிட்டார்கள், குளிர்சாதன அறை, கனிவான பேச்சு. அப்பாவின் கதையையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட உரிமையாளர், "விடுங்க தம்பி, புதுசு மாதிரி ஆக்கிக் குடுத்துடறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதுமே நான் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். மாறாக, "பாத்து நல்லபடியா பண்ணுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் "ஃபிரெட், ஒயரிங், சர்வீஸ் – 16,000" என்று எழுதிக் கொடுத்தார். 8,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். என்னென்ன செய்யக் கூடாது என்பது பற்றி அந்த அட்டையில் ஒரு சொல்லும் இல்லை. நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்றுதான்: கொடுப்பதற்கு முன், மகளுக்காகக் கைப்பேசியில் நாலைந்து படங்கள் எடுத்து வைத்திருந்தேன்.

மூன்று வாரம் என்றது நாலரை மாதமாயிற்று. மழை, சுங்கத்தில் சிக்கிய பார்சல், ஊருக்குப் போன தொழிலாளி என்ற காரணங்களை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நம்மூரில் வீடு கட்டியவர்கள் அனைவருக்கும் அவை மனப்பாடம்.

வாங்கப் போன அன்று பெட்டியைத் திறந்ததும் தின்னர் நெடி முகத்தில் அடித்தது. உள்ளே கறுப்புக் கிட்டார் ஒன்று கிடந்தது. வேறு யாருடையதையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றே சில கணங்கள் நினைத்தேன். ஓரங்களில் கருமையாகும் மூன்று நிறச் சன்பர்ஸ்ட் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, கார்களுக்கு அடிக்கும் பெயின்ட்டை அதன்மேல் தடிமனாக அடித்திருந்தார்கள். முன்கைத் தடம், கொக்கிக் கீறல்கள், பெரம்பூர் வடு எதுவும் இல்லை. "பழசு ரொம்ப அசிங்கமா இருந்துச்சு தம்பி, அந்தக் கலர் இப்ப யாராலயும் மேட்ச் பண்ண முடியாது" என்று, எனக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்டதுபோல் சொன்னார். மொத்தக் கட்டணம் 29,500 ரூபாய். அதில் நான் கேட்காத பெயின்டிங்குக்கு 7,500. மீதியைக் கொடுத்தால்தான் கிட்டார் வெளியே போகும் என்றார். தகராறு செய்யத் தெம்பில்லாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

பின்னர் வழக்கறிஞர் ஒருவர் விளக்கியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவில், ஒரு பொருளின்மீது உழைப்பைச் செலவிட்டவர் கூலி பெறும்வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமை, எந்த நோக்கத்துக்காகப் பொருள் ஒப்படைக்கப்பட்டதோ அதற்கு ஏற்பச் செய்த வேலைக்குத்தான் பொருந்தும். கேட்காத பெயின்ட்டுக்கு அது பொருந்தாது என்று வாதிட இடமிருக்கிறது. வேறு வழியின்றிப் பணத்தைக் கட்ட நேர்ந்தாலும், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று ரசீதின் நகலில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு வந்திருந்தால் என் நிலை இன்னும் வலுவாக இருந்திருக்கும் என்றார்.

பெயின்ட்டோடு இது முடிந்திருந்தால் ரசனைக் குறைவு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அப்பாவோடு பேஸ் கிட்டார் வாசித்த மாமா ஒருவர், அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தவர், வாங்கி ஐந்து நிமிடம் வாசித்துப் பார்த்துவிட்டு, "மூணாவது கம்பி ஏன்டா இப்படி அடங்கிக் கெடக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஸ்ட்ராட்டகாஸ்டர் 1954இல் வந்தபோது, மூன்றாவது கம்பியான ஜி, மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த வகையாக இருந்தது. அதன் ஒலி மற்றவற்றுக்குச் சமமாக எழ, பிக்அப்பில் அதற்கு நேரேயுள்ள காந்தத் தண்டை மற்றவற்றைவிட உயர்த்தி வைத்தார்கள். பிற்காலத்தில் ஜி கம்பி சுற்றில்லாத வெறுங்கம்பியாக மாறியது. பழைய மாதிரியைப் பின்பற்றிய பிக்அப்புகளில் தண்டின் உயரம் மட்டும் அப்படியே நின்றது. ஆகவே அந்தக் கம்பி எப்போதும் ஒரு படி உரக்க ஒலிக்கும். அப்பா வாழ்நாளெல்லாம் குறைப்பட்டுக்கொண்ட அந்தக் கோளாறு திடீரென்று குணமாகியிருந்தது.

கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் ஆறு தண்டுகளும் படிக்கட்டுபோல் ஏறி இறங்குகின்றன; கையிலிருந்த கிட்டாரில் ஆறும் ஒரே மட்டத்தில் இருந்தன. முகப்பில் பிக்அப்புகளைத் தாங்கும் தகடான பிக்கார்டின் பதினொரு திருகுகளைக் கழற்றி அதைத் திருப்பிப் பார்த்தபோது மீதியும் தெரிந்தது. இந்த வகை அசல் பிக்அப்பில், ஃபைபர் தகடுகளுக்கு நடுவே நிற்கும் அல்நிகோ என்ற உலோகக் கலவைத் தண்டுகள் ஒவ்வொன்றுமே காந்தம். அவற்றைச் சுற்றித் தலைமுடியைப்போல் மெல்லிய தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றப்பட்டிருக்கும். எங்கள் கிட்டாரில் இருந்தவையோ பிளாஸ்டிக் சட்டங்கள். தண்டுகள் வெறும் இரும்பு. அடியில் சாம்பல் நிறச் செராமிக் காந்தக் கட்டை ஒன்று பசையால் ஒட்டப்பட்டிருந்தது. ரிச்சி தெருவில் மல்டிமீட்டர் வாங்கப் போனபோது படத்தைக் காட்டியதும், அங்கிருந்தவர் மூன்றும் சேர்ந்து சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் என்றார்.

மற்றவையும் அதே லட்சணம்தான். பில்லில் "250கே ஆடியோ டேப்பர், இறக்குமதி" என்றிருந்த, குமிழ்களுக்கு அடியில் மின்தடையை மாற்றும் பாகங்களான பொட்டென்ஷியோமீட்டர்களின் முதுகில் "பி500கே" என்று அச்சிடப்பட்டிருந்தது. கே என்றால் ஆயிரம் ஓம். பி என்றால் நேர்கோட்டு வகை, ஆடியோ டேப்பர் அல்ல. எங்களுடையதைப் போன்ற ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்அப்போடு 500கே சேரும்போது ஒலி காதைக் குத்தும். புஷ்-புல் குமிழ் இருந்தது, இழுத்தால் அழகாக மேலே வந்தது. அதன் சுவிட்ச் முனைகளில் ஒரு ஒயர்கூடப் பற்றவைக்கப்படவில்லை. தாமிரத் தாளுக்கு 2,500 ரூபாய் போட்டிருந்தார்கள், உள்ளே கறுப்புப் பெயின்ட்தான் தெறித்திருந்தது. நெக் உட்காரும் பள்ளத்திலும் பெயின்ட் தடித்து உறைந்திருந்ததால், நெக் முழுமையாகப் படியாமல் காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நின்றது. ஃபிரெட்டுகளை மட்டும் உண்மையிலேயே மாற்றியிருந்தார்கள், ஆனால் ஓரங்களை அராவாமல் விட்டதில் மகளின் விரல் கிழிந்தது.

திரும்பப் போய்க் கேட்டபோது முதலில், பழைய பிக்அப்புகள் செத்துவிட்டன என்றார். பில்லில் "பிக்அப் சர்வீஸ்" என்றுதானே இருக்கிறது, புதியவை போட்டதாக எங்கே இருக்கிறது என்று காட்டினேன். உடனே, "கழட்டுன பழைய பார்ட்ஸ் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் தம்பி, எல்லா எடத்துலயும் அதான் வழக்கம்" என்று பேச்சை மாற்றினார். எங்கள் தெருமுனை டூவீலர் மெக்கானிக், முப்பது ஆண்டுகளாக, கழற்றிய பிரேக் ஷூவையும் ஸ்பார்க் பிளக்கையும் கவரில் போட்டு வண்டியில் மாட்டி அனுப்புகிறார். நாம் கேட்டதே இல்லை. கிட்டார் கடையில் அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போனது.

ஆகவே கொடுப்பவர்கள் கடைக்காரரின் முன்னிலையிலேயே பிக்கார்டைத் திறக்கச் சொல்லி, பிக்அப்புகளின் அடிப்பக்கத்தையும் பொட்டென்ஷியோமீட்டர்களின் முதுகையும் நெக்கின் அடியையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிக்அப்பின் மின்தடையையும் மல்டிமீட்டரால் அளந்து, அந்த எண்ணை வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்; முன்பே குறித்து வைக்காவிட்டால் பின்னால் அளப்பதில் பொருளில்லை. "மேற்பூச்சைத் தொடக் கூடாது", "கழற்றும் ஒவ்வொரு பாகமும் திரும்ப வர வேண்டும்" என்ற இரண்டு வரிகளுக்குக் கீழே அவருடைய கையொப்பம் இருக்கட்டும். அதற்கு முகம் சுளிப்பவரிடம் கொடுக்க வேண்டாம். ரெஸ்டோர் என்ற சொல்லை நம்பி எதையும் விட்டுவிடாதீர்கள். நான் அதை இருப்பதைக் காப்பது என்று புரிந்துகொண்டிருந்தேன், அவர் புதிதாக்குவது என்று வைத்துக்கொண்டார். அந்த இடைவெளிக்குள்தான் மூன்று பிக்அப்புகளும் மறைந்தன.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவுசெய்தேன், பலனில்லை. வழக்கறிஞர் அறிவிப்பு பதிவுத் தபாலில் போன பத்தாம் நாள் அவர்களே அழைத்து, தினசரித் தாளில் சுற்றிய இரண்டு பிக்அப்புகளைக் கொடுத்தார்கள். ஆக, இரண்டும் செத்ததும் இல்லை, குப்பைக்குப் போனதும் இல்லை. மூன்றாவது எங்கே என்று கேட்டால் "ஸ்கிராப்புல போயிருக்கும்" என்பதுதான் பதில். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதி வழியே நானே பதிவேற்றியிருக்கிறேன். சுரண்டி எடுத்த பழைய பூச்சை மட்டும் எந்த ஆணையமும் திருப்பித் தர முடியாது.

திரும்பி வராதது நடு பிக்அப். தொண்ணூறுகளில் ஒருமுறை அதன் முனைக் கம்பி அறுந்துபோனபோது, அப்பா தானே பற்றவைத்து, மறுபடியும் அசையாமலிருக்க அம்மாவின் நகப்பூச்சில் ஒரு சொட்டு வைத்தார். சென்னையில் யாராவது உங்களிடம் பழைய ஸ்ட்ராட்டகாஸ்டர் பிக்அப் ஒன்றைத் தனியாக விற்க வந்தால், தயவுசெய்து அதைத் திருப்பிப் பாருங்கள். அடியில், ஒயர் சேரும் இடத்தின் ஓரமாக, மிளகளவு சிவப்புப் பொட்டு இருந்தால் அது எங்களுடையது. கொடுத்த விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.