ஊடகச் சட்டப் பயிற்சி, கிளிநொச்சி: பிரதேசச் செய்தியாளர்கள் தவறவிடாதீர்கள்

சட்டத்தரணிகள் சிலர் சேர்ந்து கிளிநொச்சியில் நடத்துகிற ஒருநாள் ஊடகச் சட்டப் பயிற்சிக்குப் போய்வந்தேன். வன்னியில் செய்தி எழுதுகிற எவரும் அடுத்தமுறை பெயர் கொடுத்துவிடுங்கள், கட்டணம் இல்லை, மத்தியானச் சாப்பாடும் தருகிறார்கள்.

எங்களுக்கு வருகிற தலையிடி தனி ஆட்களால் வருவதைவிடக் கூட்டமாகத்தான் வருகிறது. மணல் அள்ளுவதைப் பற்றி எழுதினால் ஒரு சங்கம், கோயில் கணக்கைக் கேட்டால் ஒரு பரிபாலன சபை, உடனே "எமது சமூகத்தின் நற்பெயருக்குக் களங்கம்" என்று பெரிய தொகை நட்டஈடு கேட்டுச் சட்டத்தரணி கடிதம் வரும், ஆசிரியர்பீடம் பயந்து அடுத்த செய்தியைப் போடாது. சங்கத்துக்குத் தேவை அவ்வளவுதான், வழக்கு நீதிமன்றம் வரைக்கும் போகவே தேவையில்லை.

பயிற்சியில் பெயர்களை மறைத்து அப்படியொரு கடிதத்தைத்தான் கையில் தந்தார்கள். யாருடைய பெயர் கெட்டதாகச் சொல்கிறார்கள் என்ற இடத்தைத் தேடிச் சிவப்புப் பேனையால் கோடு போடச் சொன்னார்கள். "மணல் ஏற்றுகிற ஆட்கள் எல்லாரும் கள்ளர்" என்று எழுதினால், அது தன்னைத்தான் சொன்னது என்று ஒருவர் வழக்குப் போடுவது பொதுவாக ஏலாது. 1944இல் நுப்ஃபர் வழக்கில், அப்போது பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது அதைத்தான். ஆனால் "இந்தச் சங்கத்து நிர்வாகம்" என்று எழுதினால் கதை வேறு. ஏழெட்டுப் பேர்தான், யார் யார் என்று ஊருக்கே தெரியும், ஒவ்வொருவரும் தனித்தனியே போடலாம். அரச நிறுவனங்களைப் பற்றியும் சொன்னார்கள்: எங்களுடையதைப் போலவே ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டம் உள்ள தென்னாபிரிக்காவில் 1946இலேயே அரச ரயில்வே அவதூறு வழக்குப் போட முடியாது என்று தீர்த்திருக்கிறார்கள்.

இலங்கையில் 2002இல் குற்றவியல் அவதூறு நீக்கப்பட்டபிறகு மிச்சம் இருப்பது சிவில் வழக்குத்தான். அதில் எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொதுநலனுக்காக எழுதினேன் என்றும் காட்டவேண்டும். இதை ஒவ்வொரு செய்தியாளரும் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும்.

எனக்கு இருக்கிற பெரிய குறை, 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தைக் கடைசியில் அவசரமாக ஓட்டிவிட்டார்கள். இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம், எண்ணிக்கையில் சிறிய சமூகங்களுக்குத்தான் அது முதலில் தேவை. நடந்தது என்ன? 2019 ஏப்ரலில் பிக்குகளின் முறைப்பாட்டில், ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமார கைதானார், பிணை கிடைத்தது ஓகஸ்டில். அந்தச் சட்டத்தின் கீழ் மேல் நீதிமன்றம் மட்டும்தான் பிணை கொடுக்கலாம். ஒரு கூட்டத்தின் மனம் புண்பட்டது என்பதற்காக ஆளையே உள்ளே போடுகிற இந்த இடம்தான் நட்டஈட்டை விடப் பயங்கரம், இதற்கு அரைநாளாவது ஒதுக்கவேண்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். இணையத்தில் போடுகிறவற்றைக் கட்டுப்படுத்த 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

போகிறவர்கள் உங்களுக்கு வந்த கடிதங்களின் போட்டோகொப்பியைக் கொண்டுபோங்கள், முடிந்தபிறகு தனியே இருந்து பார்த்துச் சொல்கிறார்கள்.